கிழங்கு சோறாகும், இலை குழம்பாகும்: காங்கோ சாப்பாட்டுக்கு ஓர் அறிமுகம்

முதலில் எந்தக் காங்கோ என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்காவில் அந்தப் பெயரில் இரண்டு நாடுகள் உண்டு. இரண்டின் தலைநகரங்களும் ஒரே ஆற்றின் இரு கரைகளில் எதிரெதிரே இருக்கின்றன: ஒரு கரையில் பிராசவில், மறு கரையில் கின்ஷாசா. இங்கே பேசப்போவது கின்ஷாசாவைத் தலைநகராகக் கொண்ட காங்கோ ஜனநாயகக் குடியரசைப் பற்றி. 1971 முதல் 1997 வரை ஸயீர் என்ற பெயரில் இருந்த நாடு அதுதான்.

பரப்பில் அது இந்தியாவில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. கிழக்கே பெரிய ஏரிகள், தெற்கே செப்புச் சுரங்கங்கள், நடுவில் மழைக்காடு. இவ்வளவு பெரிய நாட்டுக்கு 'காங்கோ சாப்பாடு' என்று ஒரே பெயர் வைப்பது, காஷ்மீரையும் கன்னியாகுமரியையும் சேர்த்து 'இந்தியச் சாப்பாடு' என்பதைப் போலத்தான். ஆனாலும் நாட்டின் பெரும்பகுதியை ஒரு செடி கட்டி வைத்திருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் தட்டில் பாதி புரிந்துவிடும்.

அது மரவள்ளி. சேலம், நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்குக் குச்சிக்கிழங்கு. நமக்கு அது ஜவ்வரிசி, சிப்ஸ், அல்லது மாலையில் அவித்துத் தின்னும் பண்டம். அவர்களுக்கு அது சோறு.

மரவள்ளி ஆப்பிரிக்காவின் சொந்தப் பயிர் அல்ல. தென் அமெரிக்காவிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் காங்கோ ஆற்றின் முகத்துவாரப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதற்கு முன் அங்கே சிறுதானியங்களும் வள்ளிக்கிழங்கு வகைகளும் வாழையும்தான் வயிற்றை நிரப்பின. வந்த செடி எல்லாவற்றையும் ஓரங்கட்டியதற்குக் காரணம் ருசி அல்ல. சத்தில்லாத மண்ணிலும் அது வளரும். முற்றிய கிழங்கை உடனே பிடுங்க வேண்டியதில்லை. மாதக்கணக்கில் மண்ணுக்குள்ளேயே விட்டுவைத்து வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம். தனியாகக் குதிர் கட்ட வேண்டாம், வயலே குதிர். சண்டையும் இடப்பெயர்ச்சியும் மிகுந்த பூமியில் இது சின்ன விஷயமல்ல. கொள்ளையடிக்க வருகிறவன் நெல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவான். நூறு செடிகளைத் தோண்டிக்கொண்டிருக்க மாட்டான்.

ஒரு சிக்கலும் கூடவே வந்தது. கசப்பு வகை மரவள்ளியில் சயனைடை வெளிவிடும் பொருள் உண்டு. அதனால் கிழங்கைத் தோலுரித்துத் தண்ணீரில் மூன்று நான்கு நாட்கள் ஊறப்போடுகிறார்கள். ஊறும்போது கிழங்கு புளித்து மிருதுவாகி, நஞ்சும் பெரும்பாலும் போய்விடும். வறட்சியிலோ போர்க்காலத்திலோ, அவசரத்தில் ஊறவைக்கும் நாட்களைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அங்கே ஒரு நோயின் பெயரே சான்று: கொன்சோ. திடீரென்று கால்கள் விறைத்து, பிறகு சரியாகவே நடக்க முடியாமல் போகும் நோய். நாட்டின் தென்மேற்கில் குவாங்கோ பகுதியில் இதைப் பார்த்த த்ரோலி என்ற இத்தாலிய மருத்துவர் 1938இல் எழுதிவைத்தார். யாக்கா மொழியில் அந்தப் பெயருக்குக் கட்டப்பட்ட கால்கள் என்று பொருள். ஆகவே ஊறவைப்பதை வெறும் சமையல் முறை என்று நினைத்துவிட வேண்டாம். அது பாட்டிமார்கள் கைமாற்றிக் கொடுத்த பாதுகாப்பு விதி.

ஒரே கிழங்கு, இரண்டு சோறு

ஊறிய கிழங்கு இரண்டு வழிகளில் பிரிகிறது.

முதல் வழி ஃபுஃபு. ஊறிய துண்டுகளை வெயிலில் காயவைத்து, மாவாக அரைத்து, கொதிக்கும் தண்ணீரில் கொட்டி மரத்துடுப்பால் கிளறுவார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கேழ்வரகுக் களி கிண்டுவதைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. கை வலிக்க வலிக்கக் கிண்டும் அதே வேலை. மரவள்ளி மாவு மட்டும் என்றால் பசை போல இழுக்கும் என்பதால் கின்ஷாசாவில் பலர் மக்காச்சோள மாவையும் கலந்துகொள்கிறார்கள். ஒன்று கவனிக்க: கானாவில் ஃபுஃபு என்பது வெந்த கிழங்கை உரலில் இடிப்பது. காங்கோவில் அது மாவைக் கிண்டுவது. பெயர் ஒன்று, பண்டம் வேறு. இணையத்தில் செய்முறை தேடுகிறவர்கள் குழம்புவது இங்கேதான்.

தெற்கே கடாங்காவுக்குப் போனால் பெயர் புகாரி என்று மாறும், மாவும் பெரும்பாலும் மக்காச்சோளமாகிவிடும். அதற்குப் பின்னால் சுரங்க வரலாறு இருக்கிறது. பெல்ஜியர்கள் ஆண்ட காலத்தில் செப்புச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு ரேஷனாக அளந்தது மக்காச்சோள மாவு. இன்றும் அந்தப் பக்கத்துக்கு மக்காச்சோளம் அண்டை நாடான ஜாம்பியாவிலிருந்து வந்தாக வேண்டும். அங்கே ஏற்றுமதியை நிறுத்தினால் இங்கே விலை ஏறும்.

இரண்டாவது வழி குவாங்கா. பிரெஞ்சில் சிக்வாங் என்பார்கள். ஊறிய கிழங்கைக் காயவைக்காமல் நார் எடுத்து, இடித்துப் பிசைந்து, ஒரு முறை வேகவைத்து, மறுபடி பிசைந்து, அகன்ற காட்டு இலையில் உருளையாகச் சுற்றி நாரால் கட்டி, ஆவியில் நெடுநேரம் வேகவிடுவார்கள். அவிழ்த்தால் உள்ளே வெளிர்நிறத்தில் ரப்பர் போல இழுவையாக, லேசான புளிப்போடு ஒரு கட்டி. முதல் கடியிலேயே பிடித்துவிடும் என்று சொல்ல மாட்டேன். அந்தப் புளிப்பு வாடை பழகக் கொஞ்சம் நாளாகும். ஆனால் குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் பல நாட்கள் கெடாது. சாலையும் ரயிலும் குறைவான நாட்டில், படகில் வாரக்கணக்கில் ஆற்றோடு போகிறவர்களுக்கு அதுதான் கட்டுச்சோறு. நமக்குப் புளிச்சோறு எப்படியோ, அவர்களுக்குக் குவாங்கா அப்படி.

சாப்பிடும் முறையும் நமக்கு அந்நியமில்லை. முதலில் கை கழுவத் தண்ணீர் வரும். வலது கையால் ஃபுஃபுவில் ஒரு சிறு உருண்டை கிள்ளி, உள்ளங்கையில் உருட்டி, கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி அழுத்தி, அந்தக் குழியில் குழம்பை அள்ளி வாயில் போட வேண்டும். களியைப் போலவே இதையும் மென்றுகொண்டிருக்கக் கூடாது, விழுங்க வேண்டும். மெல்லப் பார்த்துவிட்டு "ருசியே இல்லை" என்று சொல்கிற வெளிநாட்டவர்கள் நிறைய. ருசி குழம்பில் இருக்கிறது. ஃபுஃபுவின் வேலை அதைத் தூக்கிக்கொண்டு வருவது.

அப்புறம், இலை

இதே மரவள்ளிச் செடியின் இலைதான் காங்கோவின் தலையாய குழம்பு. கின்ஷாசாவில் பேசும் லிங்காலா மொழியில் போண்டு. சாக்கா-சாக்கா என்றும் சொல்வார்கள். கிழக்கே சுவாஹிலி பேசும் பகுதிகளில் சோம்பே, நாட்டின் நடுத்தெற்கில் கசாய் பக்கம் மதாம்பா. கொழுந்து இலைகளைப் பறித்து, வெந்நீரில் வாட்டி, உரலில் இட்டுக் கூழாகும்வரை இடித்து, வெங்காயம், கத்தரிக்காய், குடைமிளகாய், செம்பனை எண்ணெய், புகைபோட்ட மீன் எல்லாம் சேர்த்து ஒன்றிரண்டு மணி நேரம் கொதிக்கவிடுவார்கள். நிலக்கடலை அரைத்துச் சேர்க்கும் வீடுகளும் உண்டு. இலையிலும் அந்த நஞ்சு இருப்பதால்தான் இந்த இடியும் நீண்ட கொதியும். கிழங்கில் புரதம் ஏறக்குறைய இல்லை, இலையில் நிறைய. அதாவது ஒரே செடி தன் குறையைத் தானே ஈடுகட்டிக்கொள்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல, பசியில் கண்டுபிடித்தது.

சந்தையில் இடித்த போண்டுவே கிடைக்கும் என்பதால் நகரத்துப் பெண்கள் வீட்டில் உரலோடு மல்லுக்கட்டுவது குறைந்துவிட்டது. மற்றக் கீரைகளைப் பார்த்தால் நமக்கே உறவு போலத் தோன்றும். ங்காய்-ங்காய் என்பது நம் புளிச்சக்கீரையின் சொந்தம். பிதேகுதேகு என்பது முளைக்கீரைக் குடும்பம். மதெம்பெலே என்பது சர்க்கரைவள்ளிக் கிழங்கின் கொடி இலை. ஃபும்ப்வா மட்டும் நமக்குப் புதுசு. அது காட்டுக்கொடி இலை. நூல் போல நறுக்கி, கடலை விழுதும் புகைமீனும் போட்டுச் சமைப்பார்கள். கடினமான இலை, மெல்ல வேண்டியிருக்கும். ஒரு சாப்பாட்டை வைத்து காங்கோவை மதிப்பிடச் சொன்னால் நான் ஃபும்ப்வாவைத்தான் சொல்வேன்.

நாட்டின் கௌரவ உணவு என்று பெரும்பாலும் சொல்லப்படுவது கோழி முவாம்பே. இதற்கு எண்ணெய்ப்பனையின் பழம் வேண்டும். பழத்தை அவித்து, இடித்து, வெந்நீர் விட்டுப் பிழிந்து வடிகட்டினால் செம்மஞ்சளாய்க் கெட்டியான சாறு வரும். தேங்காய்ப்பால் எடுப்பதைப் போலத்தான். அதில் கோழியைப் போட்டுச் சுண்டவிட்டால் முவாம்பே. அங்கோலாவும் பிராசவில் காங்கோவும் இதே உணவை உரிமை கொண்டாடுகின்றன. மூன்று நாடுகளின் எல்லைகளும் ஐரோப்பியர் வருமுன்பே இருந்த கொங்கோ என்ற பழைய அரசின் மண்ணில் பிறகு கிழிக்கப்பட்டவை என்பதால் அந்த வழக்கு தீரப்போவதில்லை.

எண்ணெய்ப்பனை இந்தப் பகுதியின் சொந்த மரம். நம் ரேஷன் கடைப் பாமாயிலும் அதே இனத்து மரத்திலிருந்து வருவதுதான். நிறமும் மணமும் நீக்கிச் சுத்திகரித்துவிடுவதால் நமக்கு உறவு தெரிவதில்லை. காங்கோவில் அதைச் சிவப்பாகவே ஊற்றுகிறார்கள்; மணம் தனி. சன்லைட் சோப் வியாபாரம் செய்த வில்லியம் லீவர் 1911இல் பெல்ஜிய அரசோடு ஒப்பந்தம் போட்டு, இந்தப் பழத்துக்காகவே காங்கோவில் பெரும் நிலப்பரப்பைப் பெற்றார். பழம் பறிக்க ஆட்களைக் கட்டாயப்படுத்தி மரமேற்றிய கதையும் அதோடு சேர்ந்ததுதான்.

மீன் விஷயத்தில் ஒரு முரண் உண்டு. ஆப்பிரிக்காவின் மிகப்பெரிய ஆறுகளில் ஒன்றின் கரையில் இருக்கும் கின்ஷாசாவில், எளியவர்களின் மீன் பெரும்பாலும் ஆற்று மீன் அல்ல. ம்பியோடி எனும் கடல் மீன், நம் பாறை மீன் குடும்பத்தைச் சேர்ந்தது; நமீபியக் கடல் பக்கம் பிடித்து உறையவைத்து அட்டைப்பெட்டியில் வருகிறது. ஒன்றரைக் கோடிக்கு மேல் மக்கள் வாழும் நகரத்துக்கு ஆற்று மீன் போதாது, விலையும் கட்டாது. இன்னொரு மலிவான துணை மாகயாபு, உப்புக் கருவாடு. கிழக்கே கிவு ஏரியில் கிடைக்கும் சம்பாசா என்ற விரல்நீள மீனை நெத்திலி மாதிரி பொரித்துத் தின்பார்கள். அதுவும் 1950களின் இறுதியில் டாங்கனிகா ஏரியிலிருந்து கொண்டுவந்து விட்ட வந்தேறிதான்.

புழுக்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் ஏமாற்றியதாகும். ம்பின்சோ என்று அழைக்கப்படும் கம்பளிப்புழுக்கள் மழைக்காலத்தில் குறிப்பிட்ட மரங்களில் கிடைக்கும். காயவைத்தோ புகைபோட்டோ மூட்டையாக நகரத்துக்கு வரும். ஊறவைத்து, வெங்காயம் தக்காளியோடு வதக்கினால் ஃபுஃபுவுக்குத் துணை. வேறு வழியில்லாதவன் சாப்பிடுவது என்று நினைக்க வேண்டாம். சந்தையில் விலை கொடுத்து வாங்கும் பொருள். ஈசலை வறுத்து அரிசிப்பொரியோடு தின்ற ஊர்க்காரர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

காரம்? குழம்பில் குறைவு. பிலி-பிலி என்ற மிளகாய் விழுது தட்டின் ஓரத்தில் தனியாக வரும். வேண்டியதைத் தொட்டுக்கொள்ளலாம். நம் காரத்துக்குப் பழகிய தைரியத்தில் ஒரு கரண்டி அள்ளிவிடாதீர்கள்.

ஒரு வேளைச் சாப்பாடு

இவ்வளவு சொன்னபின் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேலே சொன்னதெல்லாம் ஒரே வீட்டில் தினமும் நடப்பதல்ல. கின்ஷாசாவில் ஏராளமான குடும்பங்கள் ஒரு நாளைக்கு ஒரே வேளைதான் சாப்பிடுகின்றன, பெரும்பாலும் மாலையில். அதற்கு அவர்களே 'ஒற்றை மணி' என்று பொருள்படும் ஒரு கிண்டல் பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கும் வழியில்லாதபோது இன்று பிள்ளைகள், நாளை பெரியவர்கள் என்று முறை வைப்பதுண்டு. அதற்கு வைத்த பெயர் மின்வெட்டுக்கான பிரெஞ்சுச் சொல். ஒரு பகுதிக்கு மின்சாரம் கொடுத்து இன்னொன்றை அணைப்பதைப் போல. அந்த நகைச்சுவைக்குச் சிரிக்கவும் முடியாது.

ஃபுஃபு ஏன் அவ்வளவு கனமாக இருக்கிறது, குவாங்கா ஏன் வயிற்றில் மணிக்கணக்கில் நிற்கிறது என்பதற்கு இதில் விடை இருக்கிறது. இலேசான சாப்பாடு என்பது அடுத்த வேளை நிச்சயம் உண்டு என்று தெரிந்தவர்களுக்கு.

வெளியே சாப்பிடுவது

அதனால் காங்கோவில் 'வெளியே சாப்பிடுவது' என்பதைக் கொண்டாட்டமாக மட்டும் பார்க்கக் கூடாது. பலருக்கு அது வேலைக்கு நடுவே வரும் தேவை.

காலையில் தெருவோரத்தில் மிகாத்தே பொரிப்பார்கள். மைதா மாவை ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்துப் பொரித்த இனிப்பு உருண்டை. போண்டா அளவுதான் இருக்கும். கடலை விழுதோடோ கஞ்சியோடோ சாப்பிட்டுவிட்டு ஓடுவார்கள்.

மதியத்துக்கு மலேவா. நம் ஊர்க் கையேந்தி பவன்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பெஞ்சு உண்டு. ஒரு தார்ப்பாய், வரிசையாக நான்கைந்து அண்டாக்கள், பின்னால் ஓர் அம்மா. உரிமையாளரும் சமையல்காரரும் கல்லாவும் அவரே. அவரை 'மாமா' என்று கூப்பிட வேண்டும். லிங்காலாவில் மாமா என்றால் அம்மா. தமிழ்க் காதுக்குச் சிரிப்பு வரலாம், வாயில் வரக் கூடாது. மெனு அட்டை கிடையாது, மூடியைத் திறந்து காட்டுவார். சோறும் பீன்ஸும், ஃபுஃபுவும் ம்பியோடியும், போண்டுவும் குவாங்காவும் என்று ஜோடி சொல்லி வாங்குவது வழக்கம். ஓட்டுநர்கள், மாணவர்கள், கடைநிலை அரசு ஊழியர்கள் எல்லாரும் இங்கேதான். நாட்டின் உண்மையான சமையலைப் பார்க்க எங்கே போவது என்று கேட்டால் இதுதான் என் பதில், கொதிக்கக் கொதிக்க இருக்கும் அண்டாவைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

மாலைக்கு ங்காண்டா. முதல் எழுத்தை மூக்கில் லேசாகத் தொட்டுவிட்டுக் 'காண்டா' என்று சொல்ல வேண்டும். இந்தச் சொல்லின் பழைய பொருள் ஆற்றங்கரையில் மீனவர்கள் போடும் தற்காலிகக் குடில். பிறகு கின்ஷாசாவில், பெண்கள் தங்கள் வீட்டு முற்றத்தில் உரிமம் இல்லாமல் நடத்திய பீர்க்கடையும் சாப்பாட்டுக்கடையும் சேர்ந்த இடங்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிழைக்க வந்தவர்கள் தங்கள் ஊர்ச் சாப்பாட்டைத் தேடிப் போன இடங்கள் அவை. இந்த ங்காண்டாவில் ஆற்றுப்பக்கத்து மீன், அந்த ங்காண்டாவில் கசாய்ச் சமையல் என்று ஆளுக்கொரு முகவரி இருக்கும். சென்னையில் செட்டிநாட்டு மெஸ்ஸையோ நாகர்கோவில் மெஸ்ஸையோ தேடிப் போவதைப் போல.

இன்று ங்காண்டா என்றால் பிளாஸ்டிக் நாற்காலி, 72 சென்டிலிட்டர் பீர் பாட்டில், காது கிழியும் ரும்பா இசை. காங்கோ ரும்பா 2021இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. அதைக் கேட்க அரங்கத்துக்குப் போக வேண்டாம், கின்ஷாசாவின் மாத்தோங்கே பகுதியில் ஒரு மாலை உட்கார்ந்தால் போதும். மது வேண்டாதவர்கள் தாங்காவிசி என்ற இஞ்சிச் சாறு கேட்கலாம்.

சாப்பிட ந்தாபா, அதாவது ஆட்டுக்கறி. பக்கத்தில் அடுப்புக்கரியில் வாட்டிக்கொண்டிருப்பவரிடம் எடை சொன்னால், வாட்டி, துண்டு போட்டு, காகிதத்தில் பச்சை வெங்காயமும் பிலி-பிலியும் வைத்துத் தருவார். கூடக் குவாங்கா வட்டமாக நறுக்கி வரும். கொழுப்பான, உப்பும் காரமுமான கறிக்கு அந்தப் புளிப்பு எவ்வளவு பொருத்தம் என்று அப்போதுதான் விளங்கும். குவாங்காவைத் தனியாகத் தின்று பார்த்துக் கைவிட்டவர்கள் இங்கே ஒரு மறுவாய்ப்புக் கொடுக்க வேண்டும்.

மேல்தட்டு உணவகங்கள் கோம்பே பகுதியில் இருக்கின்றன: பெல்ஜிய, பிரெஞ்சு, லெபனான், இந்தியச் சமையல்கள். விலை டாலரில் இருக்கும், நம்மூர் நட்சத்திர ஓட்டலையே மிஞ்சும். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

சில நடைமுறை விஷயங்கள். அமெரிக்க டாலரும் காங்கோ பிராங்கும் இரண்டுமே செல்லும், ஆனால் டாலர் நோட்டில் சிறு கிழிசல் இருந்தாலும் வாங்க மாட்டார்கள். ங்காண்டாவில் மீனோ கோழியோ சொன்னால் ஒரு மணி நேரம் ஆகலாம்; சொன்ன பிறகுதான் அடுப்பில் ஏறும். காட்டு விலங்குக் கறி, குறிப்பாகப் புகைபோட்ட குரங்கு, சந்தைகளில் தெரியும். எபோலா முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1976இல் இந்த நாட்டின் யாம்புக்கு கிராமத்தில்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவது நல்லது. சைவக்காரர்கள் போண்டுவை நம்பி ஏமாறக் கூடாது, பச்சைப் பசேல் என்று இருந்தாலும் உள்ளே மீன் இருக்கும். மதேசு என்ற பீன்ஸும் சோறும், பொரித்த நேந்திரம் போன்ற மாகெம்பாவும் பாதுகாப்பு. அப்போதும் பீன்ஸில் கருவாடு போட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நேரம் இருந்தால் நகரின் கிழக்கே ஆற்றங்கரையில் கின்கோலேவுக்குப் போகலாம். மீன் இறங்கும் துறை அது. அங்கே கேட்க வேண்டியது லிபோகே: ஆற்று மீனை வெங்காயம், தக்காளி, மிளகாய் தடவி, குவாங்கா சுற்றும் அதே மாதிரி அகன்ற இலையில் பொட்டலமாகக் கட்டிக் கரித்தணலில் போடுவார்கள். வெளி இலை கருகும், உள் இலை கருகாது, மீன் தன் சாற்றிலேயே வேகும். பொட்டலத்தைக் கட்டியபடியே மேசையில் வைப்பார்கள். அவிழ்க்கும்போது முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், ஆவி சுடும்.